விசைப்பலகையில் ஏறாத தமிழ் அலுவலகத்தில் ஏறாது

(வில்லியனூர், பாகூர்ப் பகுதித் தமிழன்பர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரை)

     

பள்ளியில் அலுவலகப் பயிற்சியும் கணினிப் பயிற்சியும் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இதைக் கேட்ட நண்பர் ஒருவர், "தனித்தமிழ் மேடையில் கணினிக்கு என்ன வேலை? குறளும் தொல்காப்பியமும் பேசவேண்டிய இடத்தில் தட்டச்சையும் கோப்பையும் பேசப் போகின்றீர்களா?" என்று வினவினார். அவர்க்கு நான் சொன்ன விடை ஒரு நிகழ்ச்சி. அதையே உங்கள்முன்னும் வைக்கின்றேன்.

இப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் ஓர் உழவர். அகவை எழுபதைக் கடந்தவர். வாய்க்கால் தூர்ந்து, கடைமடைக்கு நீர் வரவில்லை. முறையீடு எழுத வேண்டும். பத்தாம் வகுப்புப் படிக்கும் பெயர்த்தியிடம், "நீதான் கணினி படிக்கிறாயே, எழுதித் தா அம்மா" என்றார். பெண்ணும் அமர்ந்தாள், விரைவாக அடித்தாள், தாளில் அச்சிட்டுக் கொடுத்தாள். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அத்தனையும் ஆங்கில எழுத்து. "என்ன அம்மா இது? எனக்கு இங்கிலீசு தெரியாதே!" என்றார். "இல்லை தாத்தா, தமிழில்தான் எழுதியிருக்கிறேன். எழுத்துதான் அது" என்றாள் அவள். சொல் தமிழ்; எழுத்து ஆங்கிலம்!

அந்தப் பெரியவர் கைந்நாட்டு வைப்பவர் அல்லர். திண்ணையில் அமர்ந்து நாளிதழை வரிவிடாமல் படிப்பவர். ஆனால், தம் வயலைப் பற்றித் தம் பெயரால் தம் பெயர்த்தியே எழுதிய மடலை அவரால் படிக்க முடியவில்லை. படிக்க முடியாத தாளில் கையெழுத்திட அவர் உள்ளம் ஒப்பவில்லை. மடலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

அந்தப் பெண்ணின்மேல் குற்றம் இல்லை. அவளுக்குத் தமிழும் தெரியும்; கணினியும் தெரியும். இரண்டையும் இணைத்துக் கொடுக்க ஒருவரும் இல்லை. அந்த இணைப்பைச் செய்ய வேண்டியது பள்ளி. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவே: அலுவலகப் பயிற்சியும் கணினிப் பயிற்சியும் நம் இடைநிலைப் பள்ளிகளில் பாடமாக வேண்டும், அப் பாடம் தமிழில் இயங்க வேண்டும்.

நம்மிடம் இருந்த கல்வியே

அலுவலகக் கல்வி ஏதோ மேலைநாட்டிலிருந்து இறக்குமதியானது என்று எண்ணாதீர்கள். நம் திண்ணைப் பள்ளிகள் எண்சுவடி கற்பித்தன. ஓலை எழுதக் கற்பித்தன. நிலத்தை அளந்து கணக்கிடக் கற்பித்தன. அங்குப் படித்து வெளிவந்த பிள்ளை ஊர்க்கணக்கையும் கடைக்கணக்கையும் எழுத வல்லவனாக இருந்தான். எழுத்தும் கணக்கும் பிழைப்புக்கு உதவ வேண்டும் என்னும் தெளிவு அந்தக் கல்வியில் இருந்தது.

பாகூரில் இருப்போர்க்கு இன்னுமொன்று சொல்வேன். பாகூர்ச் செப்பேடுகளை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 9 ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8 ஆம் ஆட்சியாண்டில், இவ்வூரிலிருந்த உயர்கல்விச் சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதை அவை கூறுகின்றன. ஆயிரத்து நூறாண்டுக்கு முன்பே இங்கு ஒரு கல்லூரி! பெருமைதான். ஆனால், அச் செப்பேட்டின் அமைப்பைக் கூர்ந்து நோக்குங்கள். மன்னன் குலத்தைப் புகழும் பகுதி வடமொழியில் இருக்கின்றது. நாட்டார்க்கு ஆணையிட்டு, நிலத்தின் எல்லையைச் சொல்லும் பகுதி தமிழில் இருக்கின்றது. ஏன்? புகழ்ச்சி எவர்க்கும் விளங்காமற் போனாலும் கேடில்லை. எல்லை விளங்காமற் போனால் அடிதடி! வேலை நடக்க வேண்டிய இடத்தில் பல்லவ மன்னனுக்கும் தமிழைத் தவிர வேறு வழியில்லை. அலுவலகத் தமிழ் என்பதற்கு இதனினும் பழைய சான்று தேடி நாம் வேற்றூர் செல்ல வேண்டுவதில்லை.

அடுத்து, புதுவையின் ஆனந்தரங்கப் பிள்ளையைப் பாருங்கள். பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயிடம் தலைமைத் துபாசியாக இருந்தவர். பல மொழி புழங்கும் வாணிகத்துக்கும் ஆட்சிக்கும் நடுவே நின்றவர். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு எந்த மொழியில் இருக்கின்றது? தமிழில்! அது கலப்புத் தமிழ்தான். நாம் அதை நடைக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ள மாட்டோம். ஆயினும் கப்பல் வருகையையும் சரக்கு விலையையும் போர்ச் செய்தியையும் ஆளுநர் மாளிகைப் பேச்சையும் நாள்தோறும் பதிந்துவைக்கத் தமிழ் போதும் என்பதை அவர் கை மெய்ப்பித்தது.

சட்டம் இருக்கின்றது, கை இல்லை

1954 நவம்பர் 1 இல் பிரெஞ்சியர் ஆட்சி இங்குக் கைமாறியது. 1962 ஆகத்து 16 இல் சட்டப்படியான இணைப்பும் முடிந்தது. 1965 இல் புதுச்சேரி ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. மாகேக்கு மலையாளமும் ஏனாமுக்குத் தெலுங்கும் என்னும் விலக்குகளோடு, தமிழே ஆட்சிமொழி என்று அச் சட்டம் கூறுகின்றது. ஆங்கிலத்துக்கும் இடம் விட்டிருக்கின்றது. அந்த விட்ட இடம் எவ்வளவு பெரிது என்பது அலுவலகப் படியேறியவர் அனைவர்க்கும் தெரியும்.

சட்டம் ஏட்டில் நிற்பதற்குக் கரணியம் என்ன? அரசின் மனமின்மை ஒன்று. அதை நாம் பலகாலும் பேசியிருக்கின்றோம். நாம் பேசாத கரணியம் இன்னொன்று உண்டு. தமிழில் மடல் வரைந்து, தமிழில் தட்டச்சு செய்து, தமிழில் கோப்பை நடத்தும் பழக்கம் ஏறிய விரல்களை நாம் உருவாக்கவில்லை. ஓர் எழுத்தர் ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தை ஐந்து மணித்துளியில் அடித்து முடிப்பார்; தமிழில் அதே பக்கத்துக்கு எழுத்தெழுத்தாய்த் தேட வேண்டியிருக்கும். மாலை ஐந்து மணிக்குள் மேசையைக் காலிசெய்ய வேண்டிய மாந்தர் எந்த மொழியை எடுப்பார்? பற்று உள்ளத்தில் இருக்கலாம். பழக்கம் விரலில் அல்லவா இருக்க வேண்டும்!

பள்ளியின் நிலையைப் பார்ப்போம். புதுவைக்கெனத் தனிக் கல்வி வாரியம் இல்லை. புதுவை, காரைக்கால் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றின. 2023-24 ஆம் கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகள் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்துக்கு மாற்றப்பட்டன. அடுத்த ஆண்டில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் மாறின. தமிழ்நாட்டின் மேல்நிலை வகுப்பில் கணினிப் பாடநூல் தமிழிலேயே உண்டு. 2018 இல் வந்த பதினோராம் வகுப்பு நூலில் தமிழ்க் கணிமைக்கெனத் தனிப் பாடமே சேர்க்கப்பட்டது. தொழிற்கல்விப் பிரிவில் அலுவலகச் செயலியலும் தட்டச்சும் இருக்கின்றன. நடுவண் வாரியத்தின் பொதுத்தேர்வுத் தாளோ, மொழிப் பாடங்கள் நீங்கலாக, இந்தியிலும் ஆங்கிலத்திலும் அமைகின்றது. நம் பிள்ளைகள் நின்ற ஏணி மாற்றப்பட்டது. மாற்றிய ஏணியில் தமிழ்ப்படி இல்லை.

வேலைவாய்ப்பின் நிலை என்ன? நடுவண் பணியாளர் தேர்வாணையத்தின் கீழ்நிலை எழுத்தர் பணிக்கு மணித்துளிக்கு ஆங்கிலத்தில் 35 சொல், அன்றேல் இந்தியில் 30 சொல் தட்டச்சு செய்ய வேண்டும். தமிழில் எத்தனை சொல்? அந்தக் கேள்விக்கே அங்கு இடமில்லை! இந்தி தாய்மொழியானவன் தன் மொழியில் விரலை ஓட்டிப் பணிபெறலாம். தமிழன் பெற முடியாது. ஆனால், தமிழ்நாட்டில் அரசுத் தட்டச்சர் பணிக்குத் தமிழ், ஆங்கிலம் ஆகிய இரண்டிலும் தொழில்நுட்பத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். அதனால்தான் அங்குச் சிறுநகரத் தட்டச்சுப் பயிலகங்களில் இன்றும் தமிழ் விசைகள் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. அங்குள்ள பிள்ளைகளுக்கு நம்மினும் தமிழ்ப்பற்று மிகுதி என்பதன்று இதற்குக் கரணியம். பணி தமிழைக் கேட்கின்றது. ஆகவே பயிலகம் தமிழைக் கற்பிக்கின்றது.

இலக்கணமே விசைப்பலகை

"தமிழில் தட்டச்சு கடினம், 247 எழுத்துக்கு எங்கே போவது?" என்பார் உளர். அறியாமல் சொல்கின்றனர். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலேயாவில் வாழ்ந்த இரா. முத்தையா, அத்தனை எழுத்தையும் ஒரு சிறு பொறிக்குள் அடக்கி, தமிழ்த் தட்டச்சின் தந்தை எனப் பெயர் பெற்றார். கணினிக் காலம் வந்ததும், 1997 இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழிணைய மாநாட்டில் அறிஞர்கள் கூடினர். 1999 இல் சென்னையில் மீண்டும் கூடினர். அதன் பயனாகத் தமிழ்99 என்னும் விசைப்பலகை தமிழ்நாட்டரசால் ஏற்கப்பட்டது.

அதன் அமைப்பைக் கேளுங்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. ஆக 31 விசைகள். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ககரத்தை அடித்து ஆகாரத்தை அடித்தால் 'கா' வரும். ககரத்தை இருமுறை அடித்தால் முதல் ககரத்தின்மேல் புள்ளி தானே விழுந்து 'க்க' ஆகும். ஙகரத்தை அடித்துக் ககரத்தை அடித்தால் 'ங்க'. நகரமும் தகரமும் சேர்ந்தால் 'ந்த'. மகரமும் பகரமும் சேர்ந்தால் 'ம்ப'. இது என்ன? மெல்லினத்துக்கு வல்லினம் இனம் என்று நாம் வகுப்பில் கற்பித்த இனவெழுத்து இலக்கணம் அல்லவா! மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறக்கும் என்ற நம் இலக்கணம் பொறியில் ஏறி நிற்கின்றது. அரிச்சுவடி அறிந்த பிள்ளைக்கு இவ் விசைப்பலகையின் முறை பாதி தெரிந்ததாகும்.

முன்பு எழுத்துருக் குழப்பம் இருந்தது மெய். ஒரு கணினியில் அடித்த தமிழ் மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளாய்த் தெரியும். ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை ஒளித்துவைத்ததன் விளைவு அது. ஒருங்குறி வந்தபின் தமிழ் எழுத்துகளுக்கு உலகெங்கும் ஒரே குறியெண். 2010 இல் தமிழ்நாட்டரசும் ஒருங்குறியைச் சீர்தரமாக ஏற்றது. ஆகவே, 'பொறி இடங்கொடுக்கவில்லை' என்னும் சாக்கு இனிச் செல்லாது.

எதைக் கற்பிப்பது?

ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஐந்து கூறுகளாக இப் பாடம் அமையலாம்.

முதலாவது, விசைப்பலகையைப் பாராமல் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்தல்; உடன் ஆங்கிலத் தட்டச்சும்.

இரண்டாவது, மடல் வரைதல். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்னும் ஒழுங்கு. முறையீடு, பற்றுச்சீட்டு, கூட்டக் குறிப்பு ஆகியவற்றின் வடிவம். ஒரு பக்கச் செய்தியை ஐந்து வரியில் சுருக்கும் திறம். கணினி இல்லாத நாளிலும் இது பயன்படும். மின்சாரம் நின்றால் கற்றதெல்லாம் நின்றுபோகும் கல்வி நமக்கு வேண்டா.

மூன்றாவது, கணக்கு. வரவு செலவை விரிதாளில் எழுதுதல். எடுத்துக்காட்டுக்கு எங்கோ ஒரு கற்பனை நிறுமத்தின் விற்பனைப் பட்டியலை எதற்கு எடுக்க வேண்டும்? தாயார் உறுப்பினராய் உள்ள தன்னுதவிக் குழுவின் கணக்கை எடுக்கலாம். பால் கூட்டுறவின் ஒரு மாதக் கணக்கை எடுக்கலாம். ஒரு காணி நெல்லின் செலவையும் விளைவையும் எடுக்கலாம். பிள்ளை கற்ற கணக்கு வீட்டுக்கு விளக்கேற்றும்.

நான்காவது, கோப்பும் பதிவேடும். மடலுக்கு எண்ணிடுதல், நாளிடுதல், தேடி எடுத்தல். இங்கு ஒரு நுட்பம் உண்டு. குறியெண் வரிசையில் மட்டும் பெயர்களை அடுக்கும் மென்பொருள்கள் னகரத்தை நகரத்தின் அருகிலும் றகரத்தை ரகரத்தின் அருகிலும் வைத்துவிடும். நம் நெடுங்கணக்கிலோ றகரமும் னகரமும் கடைசியில் நிற்பவை. இவ் வேறுபாட்டை அறியாதவன் பட்டியலில் இருக்கும் பெயரையே 'இல்லை' என்று சொல்லித் திருப்பியனுப்பிவிடுவான்.

ஐந்தாவது, காவல். கடவுச்சொல்லைக் காத்தல், பணம்பறிக்கும் பொய்ச் செய்திகளை இனங்காணுதல், பொறி மொழிபெயர்த்துத் தருவதைச் சரிபார்த்தல். இன்று செயற்கை அறிவு நொடியில் தமிழ் எழுதித் தருகின்றது. அந்தத் தமிழ் சரியா, அதில் நம் நிலத்தின் எல்லை சரியா என்று பார்க்க மாந்தன் வேண்டும். அலுவலகத் தமிழ் அறியாதவன் பொறி சொன்னதற்கெல்லாம் கையெழுத்திடுவான்.

தடைகளும் விடைகளும்

"நடுவண் வாரியப் பாடத்தில் நாம் கைவைக்க முடியுமா?" என்பது முதல் தடை. முடியும். அவ் வாரியத்தில் 402 என்னும் எண் கொண்ட தகவல் தொழில்நுட்பம் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குத் திறன்பாடமாக உள்ளது. அதன் 100 மதிப்பெண்ணில் 50 செய்முறைக்கு உரியது. செய்முறையில் பிள்ளை அடிக்கும் மடல் தமிழ் மடலாக இருந்தால் என்ன கேடு? அப் பாடத்தில் பயிலும் லிப்ரே ஆபீசு மென்பொருள் கட்டணமின்றிக் கிடைப்பது. தமிழ் முகப்பும் உடையது. மேலும், 2023 சூலை 21 இல் அவ் வாரியமே, இந்திய மொழிகளைப் பயிற்றுமொழியாகக் கொள்ளப் பள்ளிகள் கருதலாம் என்று சுற்றறிக்கை விட்டது. கதவு முழுதும் திறக்கவில்லைதான். ஆயினும் தாழ் போடப்படவில்லை. தள்ளிப் பார்க்காமலே தாழிட்டிருக்கின்றது என்று சொல்வது நம் சோம்பல்.

"ஆங்கிலம் படித்தால்தானே சோறு?" என்பது இரண்டாம் தடை. இதை ஏழைத் தாய் கேட்கும்போது நாம் சினங்கொள்ளக் கூடாது. அவர் கேட்பது ஆங்கிலத்தை அன்று, மகனின் வாழ்வை. அவர்க்கு நாம் சொல்ல வேண்டியது இது: அம்மா, உங்கள் மகன் ஆங்கிலமும் கற்கட்டும்; ஆங்கிலத்திலும் விரைந்து அடிக்கட்டும். ஆனால், கொம்யூன் அலுவலகத்துக்கும் கூட்டுறவுக்கும் வங்கிக் கிளைக்கும் மருத்துவமனைச் சாளரத்துக்கும் வரும் மக்கள் தமிழ் மக்கள். அவர்களுக்குத் தமிழில் எழுதித்தரத் தெரிந்தவன் இருகை உடையவன். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவன் ஒருகை உடையவன். நாங்கள் உங்கள் மகனுக்கு மற்றொரு கையைக் கேட்கின்றோம். இருக்கின்ற கையை வெட்டச் சொல்லவில்லை.

நம் குறையும் நம் கடனும்

இனி நம்மை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். மறைமலையடிகள் 1916 இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் நூறாண்டைக் கடந்துவிட்டது. பாவாணர் வேர்ச்சொல் காட்டினார். பாவலரேறு பெருஞ்சித்திரனார் 1959 இல் தென்மொழி தொடங்கி உணர்வூட்டினார். இம் மண்ணில் முனைவர் இரா. திருமுருகனார் தெளிதமிழ் இதழ்வழி மொழித்தூய்மை காத்தார். நகராட்சி ஆணையராய் இருந்த கீ. இராமலிங்கனார் ஆட்சித்துறையில் தமிழை நாட்ட உழைத்து, ஆட்சிமொழிக் காவலர் எனப் போற்றப்பட்டார். இவர்கள் வழியில் வந்த நாம் என்ன செய்தோம்? கணினி, கணிப்பொறி, கணிப்பான் என ஒரு பொருளுக்கு மூன்று சொல் ஆக்கி, எது சிறந்தது என்று இதழ்தோறும் வழக்காடினோம். அச் சொல்லைப் பிள்ளையின் விரலுக்குக் கொண்டு சேர்த்தோமா? இல்லை. நம் கூட்ட அழைப்பிதழைக்கூட அச்சகத்தில் ஒருவரிடம் கொடுத்து அடித்து வாங்குவோர் நம்முள் எத்தனை பேர்? என்னையும் சேர்த்தே சொல்கின்றேன். சொல்லாக்கம் விதை நெல், புழக்கம் விளைச்சல். விதையைக் குதிரிலேயே வைத்துக் காத்துவிட்டு, வயல் விளையவில்லையே என்று வருந்துவது உழவன் செயல் ஆகாது.

ஆகவே, அரசிடம் மூன்று கேட்போம். அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அலுவலக, கணினிப் பயிற்சி தமிழ்ச் செய்முறையோடு நடக்க வேண்டும். அரசின் எழுத்தர் பணித்தேர்வில் தமிழ்த் தட்டச்சுத் தேர்ச்சிக்கு உறுதியான இடம் வேண்டும். மக்கள் நிரப்பும் படிவம் ஒவ்வொன்றும் ஒருங்குறித் தமிழில் வேண்டும்.

நம்மிடம் நாமே ஒன்று கேட்போம். வில்லியனூரிலும் பாகூரிலும் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம், ஒரு கணினி இருந்தாலும் போதும், நாம் தமிழ்த் தட்டச்சு வகுப்பு நடத்த வேண்டும். படிக்க வரும் பிள்ளைகளுக்குப் பயிற்சியாக, ஊரார் கொண்டுவரும் முறையீடுகளையே அடிக்கக் கொடுக்க வேண்டும். பிள்ளைக்குக் கல்வி; ஊருக்குத் தொண்டு; தமிழுக்குப் புழக்கம்!

அந்த முதியவரின் சட்டைப்பையில் அம் மடல் இன்னும் மடித்தபடியே இருக்கின்றது என்று எண்ணிக்கொள்ளுங்கள். அவர் பெயர்த்தி மறுமுறை விசைப்பலகைமுன் அமரும்போது, 'பெறுநர்' என்னும் சொல் தமிழெழுத்தில் திரையில் தோன்ற வேண்டும். அவர் அதை வாய்விட்டுப் படித்து, "சரிதான் அம்மா" என்று சொல்லிக் கையெழுத்திட வேண்டும். அந்த ஒரு கையெழுத்துக்காக உழைப்போம்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழர் கல்வி!